நினைவு தேய்ந்த பின்னும் நிலைக்கும் விசுவாசம்

1901ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், ஜேர்மனி தேசத்துப் பிராங்க்பேர்ட் நகரிலிருந்த மனநோய் வைத்தியசாலைக்கு 51 வயதுடைய பெண்ணொருவர் அழைத்து வரப்பட்டார். கணவரின் பெயர் என்னவென்று வினவினால் தம் பெயரையே அவர் விடையாகச் சொன்னார். உணவு உண்டுகொண்டிருக்கும்போதே, உண்பது யாது என்று கேட்டால் வேறொரு பண்டத்தின் பெயரைச் சொன்னார். பெயரை எழுதும்படி தாளும் எழுதுகோலும் கொடுத்தபோது, எழுதத் தொடங்கி நடுவில் நிறுத்திவிட்டார். தம்மையே தாம் இழந்துவிட்டதாக அவர் கூறிய சொல்லை, அருகிலிருந்த வைத்தியர் தமது ஏட்டில் குறித்துக்கொண்டார்.

அவ்வைத்தியரின் பெயர் அலோய்ஸ் அல்ஸைமர். அப்பெண்மணி 1906ஆம் ஆண்டு ஏப்ரில் மாதத்தில் இறந்தபின் அவருடைய மூளையை அல்ஸைமர் ஆராய்ந்தார். நரம்பணுக்களுக்கு இடையே ஒருவகைப் படிவுகளையும், அணுக்களினுள்ளே முறுக்குண்ட இழைகளையும் அவர் கண்டார். அதே ஆண்டு நவம்பர் 3ஆந் திகதி டியூபிங்கன் நகரில் கூடிய வைத்தியர் கூட்டத்தில் அதனை எடுத்துரைத்தார். 1910இல் எமில் கிரேப்பலின் என்னும் பேராசிரியர் தமது பாடநூலில் இந்நோய்க்கு அல்ஸைமரின் பெயரையே சூட்டினார். மறதி நோய் என்று தமிழில் வழங்கும் டிமென்ஷியாவுக்குக் காரணமான நோய்கள் பலவற்றுள் மிகுதியாகக் காணப்படுவது இதுவே. 2021ஆம் ஆண்டில் உலகெங்கும் 5 கோடியே 70 இலட்சம் மக்கள் மறதி நோயோடு வாழ்ந்தனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. இதனை முற்றாகக் குணப்படுத்தும் மருந்து இன்றளவும் கண்டுபிடிக்கப்படவில்லை.

இந்நோய் எந்தக் குடும்பத்திற்கும் துயரந் தருவதே. எனினும் விசுவாசமுள்ள கிறிஸ்தவக் குடும்பத்திலே அத்துயரோடு வேறொரு கலக்கமும் சேர்ந்துகொள்ளுகிறது. ஏனெனில், கிறிஸ்தவம் நினைவின்மேல் எழுப்பப்பட்ட சமயம் என்று சொல்வது மிகையாகாது. எகிப்திலே அடிமைகளாயிருந்ததை மறவாதிருக்கும்படி இஸ்ரவேல் மக்களுக்குத் திரும்பத் திரும்பக் கட்டளையிடப்பட்டது. இயேசு கிறிஸ்து பாடுபடுவதற்கு முந்தின இரவிலே சீடரோடு போசனம் பண்ணியபோது, தம்மை நினைவுகூரும்பொருட்டே அப்பத்தையும் பாத்திரத்தையும் அவர்களுக்குக் கொடுத்தார். 1600 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அகுஸ்தீன் என்னும் மகான், தம் வாழ்வை இறைவன்முன் அறிக்கையிட்டு எழுதிய நூலின் பத்தாம் பகுதியில், நினைவை விசாலமான மாளிகையாக உருவகித்து, அதன் கூடங்களிலெல்லாம் கடவுளைத் தேடிச் செல்கின்றார்.

அந்த மாளிகையே இடிந்து வீழ்ந்தால் என்னாவது? அறுபது ஆண்டுகள் தவறாது கோயிலுக்குச் சென்ற தாய், இன்று வேதபுத்தகத்தைக் கையிற் கொடுத்தால் அஃது என்னவென்று அறியாமல் புரட்டிப் பார்க்கிறாள். ஆண்டவரின் பெயரைச் சொன்னாலும் அவள் முகத்தில் மாற்றமில்லை. அவளுடைய விசுவாசம் எங்கே போயிற்று? கடவுளை மறந்த ஆத்துமாவின் கதி யாது? பிள்ளைகள் வாய்விட்டுக் கேளாவிடினும் நெஞ்சினுள்ளே கேட்கும் கேள்விகள் இவை. இவற்றுக்கு வைத்திய சாத்திரம் ஒருவகையிலும், இறையியல் மற்றொரு வகையிலும் விடை கூறுகின்றன.

முதலில் வைத்திய சாத்திரம் கூறுவதைக் காண்போம். நினைவு என்று ஒரே சொல்லால் குறிக்கப்படுவது உண்மையில் ஒரே பொருளன்று. நேற்று வந்தவர் யார், காலையில் உண்டது என்ன என்பன போன்ற நிகழ்ச்சிகளின் நினைவு ஒருவகை. இலங்கையின் தலைநகரம் யாது, மாம்பழம் எத்தன்மையது என்பன போன்ற பொருளறிவு இன்னொருவகை. துவிச்சக்கர வண்டி ஓட்டுதல், சேலை உடுத்தல், பின்னல் வேலை செய்தல் முதலிய கைப்பழக்கங்களின் நினைவு மூன்றாம் வகை. புதிய நிகழ்ச்சிகளைப் பதித்து வைப்பதற்கு இன்றியமையாதது, மூளையின் பக்க மடலின் ஆழத்திலே கடற்குதிரையின் வடிவில் அமைந்துள்ள ஹிப்போகாம்பஸ் என்னும் உறுப்பு. அல்ஸைமர் நோய் பெரும்பாலும் இவ்வுறுப்பையும் இதைச் சூழ்ந்த பகுதிகளையுமே முதலில் தாக்குகிறது. ஆதலின் அண்மையில் நடந்தவை முதலில் அழிகின்றன. இளமையிற் பதிந்தவை பின்னரே மங்குகின்றன. கைப்பழக்கங்களோ மூளையின் வேறு பகுதிகளைச் சார்ந்தவையாதலால் இன்னும் நெடுங்காலம் நிற்கின்றன.

'தொட்டிற் பழக்கம் சுடுகாடு மட்டும்' என்னும் பழமொழியை எச்சரிக்கையாகச் சொல்வதே உலக வழக்கு. மறதி நோயாளரிடத்திலோ அஃது ஆறுதலான உண்மையாக விளங்குகிறது. சிறு வயதில் தாயின் மடியிலிருந்து கற்ற பரமண்டல ஜெபம், ஞாயிறுதோறும் பாடிய ஞானப்பாட்டு, முழங்காற்படியிட்டுக் கைகூப்புதல், சிலுவை அடையாளம் வரைதல், செபமாலை மணிகளை விரல்களால் உருட்டுதல் ஆகியன யாவும் ஆயிரமாயிரம் முறை செய்யப்பட்டு, அறிவைக் கடந்து உடலிலே ஊறியவை. இசையோடு சேர்ந்த சொற்கள் சிறப்பாக நிலைக்கின்றன. ஒரு வாக்கியத்தையும் முடித்துப் பேச இயலாத முதியவர், பழகிய பாட்டின் முதலடியைப் பிறர் எடுத்தவுடன் அடுத்த அடியைத் தாமே தொடர்ந்து பாடுவதை, நோயாளரைப் பராமரிக்கும் தாதியரும் குருமாரும் பலகாலும் கண்டிருக்கின்றனர்.

ஒலிவர் சாக்ஸ் என்னும் நரம்பியல் வைத்தியர் 1985இல் வெளியிட்ட நூலொன்றில் இதற்குச் சான்றாகத் தக்க வரலாறு ஒன்று உண்டு. ஜிம்மி என்று அவர் புனைபெயரிட்டுக் கூறும் மனிதர், முன்னாள் கடற்படை வீரர். அவரைப் பீடித்தது அல்ஸைமர் நோயன்று. மிகுந்த மதுப்பழக்கத்தோடு வரும் கோர்சகோவ் என்னும் ஞாபகக் கேடு. 1945ஆம் ஆண்டுக்குப் பிற்பட்ட வாழ்க்கை அவர் நினைவில் நிலைக்கவில்லை. 1975இல் முதியோர் இல்லத்திற்கு வந்தபோதும் தம்மைப் பத்தொன்பது வயது இளைஞராகவே அவர் எண்ணியிருந்தார். சில நிமிடங்களுக்கு முன் கண்ட வைத்தியரையும் மறந்து, புதியவரைக் காண்பதுபோல் வரவேற்பார். இத்தகையவருக்கு ஆத்துமா என ஒன்று உண்டோ என்று சாக்ஸ், இல்லத்தை நடத்திய கன்னியாஸ்திரீகளிடம் வினவினார். அவர்கள் அக்கேள்வியால் மனம் புண்பட்டாலும் வைத்தியரின் ஐயத்தைப் புரிந்துகொண்டு, ஜிம்மியைச் சிற்றாலயத்திலே சென்று பார்க்கும்படி கூறினர்.

சாக்ஸ் சென்று பார்த்தார். திருப்பலியிலே முழங்காற்படியிட்டு நற்கருணை வாங்கிய ஜிம்மியிடம் தடுமாற்றமோ மறதியோ காணப்படவில்லை. மற்ற வேளைகளில் ஒரு நினைவைப் பற்றி நிற்க இயலாத அவர் உள்ளம், அங்கே ஆழ்ந்த அமைதியோடு ஒருமுகப்பட்டு நின்றது. சாக்ஸ் கடவுள் நம்பிக்கை உடையவரல்லர். ஆயினும் தாம் கண்டதை அவர் மறைக்கவில்லை. மனிதன் ஞாபகத்தினால் மட்டும் ஆனவனல்லன். உணர்வும் அன்பும் வழிபாடும் அவனை ஒன்றுசேர்த்து நிறுத்தக்கூடும் என்பதை அவர் ஏற்றுக்கொண்டார்.

நிகழ்ச்சி மறைந்தாலும் அதனால் விளைந்த உணர்வு எஞ்சி நிற்கும் என்பதற்கு வேறொரு ஆராய்ச்சியும் சான்று பகருகிறது. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தார் 2014இல் வெளியிட்ட அந்த ஆராய்ச்சியில், அல்ஸைமர் நோயுள்ள 17 பேருக்கு முதலில் துயரமூட்டும் படத்துண்டுகளும், பின்னர் மகிழ்வூட்டும் படத்துண்டுகளும் காட்டப்பட்டன. சிறிது நேரத்திற்குப்பின் கேட்டபோது, பார்த்தவற்றுள் மிகச் சிலவற்றையே அவர்களாற் சொல்ல முடிந்தது. ஆனால் அப்படங்கள் எழுப்பிய துயரமும் மகிழ்ச்சியும் அவர்களை விட்டு நீங்கவில்லை. ஆகவே, குருவானவர் வந்து ஜெபித்துப் போனதை அடுத்த கணமே மறந்துவிடும் முதியவருக்கு அவ்வருகையாற் பயனில்லை என்று எண்ணுவது தவறு. வந்தவர் பெயரும் சொன்ன சொல்லும் மறைந்தாலும், அவ்வருகை தந்த அமைதி அவருள் தங்கியிருத்தல் கூடும்.

இதுவரை கூறியவை வெளியிலிருந்து பார்த்தவர்களின் சாட்சியம். நோயுற்றவரே உள்ளிருந்து கூறும் சாட்சியமும் உண்டு. அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த கிறிஸ்டின் பிரைடன் என்னும் பெண்மணி, பிரதமரின் திணைக்களத்தில் விஞ்ஞானத் துறைக்குப் பொறுப்பான உயர் அதிகாரியாக இருந்தவர். மூன்று பெண்மக்களின் தாய். 1995இல், தமது 46ஆம் வயதில், அவருக்கு மறதி நோய் இருப்பதாக வைத்தியர்கள் கூறினர். பதவியிலிருந்து ஓய்வுபெற்ற அவர் 1998இல் ஒரு நூல் எழுதினார். தாம் இறக்கும்போது யாராக இருப்போம் என்னும் கேள்வியே அந்நூலின் தலைப்பு. பிராங்க்பேர்ட் வைத்தியசாலையில் தம்மை இழந்துவிட்டதாகச் சொன்ன பெண்மணியின் அச்சமும் இதுவேயன்றோ?

அக்கேள்விக்கு விடை தேடும் முயற்சியில் கிறிஸ்டினுக்குத் துணைநின்றவர் எலிசபெத் மக்கின்லி. தாதியாகப் பயிற்சி பெற்று, பின்னர் அங்கிலிக்கன் சபையின் குருவானவர் இவர். கிறிஸ்டின் கண்ட விடை இது: மனிதனின் புறத்தோடாக இருப்பது அறிவும் நினைவும், அதற்குள்ளே இருப்பது உணர்ச்சி, அதற்கும் உள்ளே, நடுவிலே இருப்பது ஆவி. நோய் முதலிற் சிதைப்பது புறத்தோட்டையே. உணர்ச்சியும் குழம்பலாம். கடவுளோடு உறவுகொள்ளும் நடுவிடமோ அழிவதில்லை. தொழிலும் பட்டமும் சாதுரியமும் உதிர்ந்துபோகும்போது, உண்மையான தாம் யார் என்பது வெளிப்படும் என்று அவர் நம்பினார். அந்நம்பிக்கையோடு அவர் ஒதுங்கியிருக்கவில்லை. நாடு நாடாகச் சென்று, நோயாளரின் சார்பிலே பேசினார். 2003இல் சர்வதேச அல்ஸைமர் சங்கத்தின் ஆட்சிக்குழுவுக்கு, நோயுள்ளவர்களுள் முதன்முதலாகத் தெரிவு செய்யப்பட்டவர் இவரே.

எனினும் எல்லோருடைய பாதையும் ஒன்றுபோல் இருப்பதில்லை. அமெரிக்காவின் மயாமி நகரில் பெரிய சபையொன்றின் போதகராக இருந்த ரொபேர்ட் டேவிஸ், அல்ஸைமர் நோய்க்குள்ளானபின் மனைவியின் உதவியோடு எழுதிய நூல் 1989இல் வெளிவந்தது. இரவுகளில் தம்மைச் சூழ்ந்த இருளைப்பற்றி அதில் அவர் ஒளிவுமறைவின்றி எழுதினார். வாழ்நாளெல்லாம் ஜெபத்திலே கண்ட ஆறுதலைத் தேடினார், கிடைக்கவில்லை. தம்மிடத்து ஏதோ பாவம் உண்டென்று கலங்கினார். வேதம் வாசியாததே அக்குற்றமோ என்று எண்ணினார். வாசிக்கவோ மூளை இடந்தரவில்லை. விசுவாசம் தரும் உணர்ச்சிகளையும் நோய் தாக்கவல்லது என்பதைப் பின்னரே அவர் உணர்ந்தார். ஆகவே, ஜெபவேளையில் நோயாளி மகிழ்ச்சியுறவில்லை என்றால் அவர் விசுவாசம் குன்றிவிட்டதென்று தீர்மானித்தல் கூடாது. மூளையின் முன்மடல் பாதிக்கப்பட்டபோது, சாந்தமே உருவான பக்தர் கடுஞ்சொல் பேசுவதும் உண்டு. அது நோயின் குரல். அவருடைய உள்ளக்கிடக்கையின் குரலென்று கொள்ளுதல் அநீதி. பாட்டும் ஜெபமும் நோயைத் தீர்க்கும் மருந்தென்று கருதுவதும் அவ்வாறே பிழையானது.

பழக்கம் நிலைக்கிறது, உணர்வு எஞ்சுகிறது என்று ஆறுதல் அடைந்தாலும், நோய் முற்றிய நிலையிலே பாட்டும் அடங்கிவிடும் நாள் வருகிறது. கைகளும் கூப்புவதை மறக்கின்றன. அப்பொழுது விசுவாசம் எதன்மேல் நிற்கும்? இவ்விடத்தில் வைத்திய சாத்திரம் பேச்சொழிகிறது, இறையியலே பேசவேண்டியுள்ளது.

ஸ்கொத்லாந்தின் அபர்டீன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜோன் சுவின்ரன், முன்னர் மனநோயாளரைப் பராமரிக்கும் தாதியாகப் பணியாற்றியவர். மறதி நோயைப்பற்றி 2012இல் அவர் எழுதிய நூலுக்கு, 2016இல் கன்ரர்பரி அத்தியட்சரின் பெயராலான மைக்கல் ராம்சே பரிசு கிடைத்தது. மனிதனை மனிதனாக்குவது அவன் எதை நினைக்கிறான் என்பதன்று. கடவுள் அவனை நினைக்கிறார் என்பதே என்று அவர் அந்நூலில் விளக்குகிறார். வேதாகமத்தைப் புரட்டுவோர்க்கு இதன் உண்மை புலனாகும். பெருவெள்ளத்தின் நடுவிலே பேழையிலிருந்த நோவாவைக் கடவுள் நினைத்தருளினார். அதன்பின்பே நீர் வடிந்தது. பிள்ளையில்லாது அழுத அன்னாளைக் கர்த்தர் நினைத்தருளினார். அவள் சாமுவேலைப் பெற்றாள். பெற்ற தாய் தன் மகவை மறந்தாலும் தாம் மறப்பதில்லை என்று ஏசாயா தீர்க்கதரிசியின் வாயிலாக உரைத்தவரும் அவரே. ரொபேர்ட் டேவிஸ் கண்ட இருளுக்கும் வேதத்திலே இடமுண்டு. மறதியின் தேசத்தைப்பற்றிப் புலம்பும் 88ஆஞ் சங்கீதம் ஆறுதலொன்றும் கூறாமல் இருளிலேயே முடிகிறது. அப்புலம்பலையும் சபையார் ஜெபமாகவே ஏற்றுக்கொண்டனர்.

இவற்றுள் யாவற்றினும் சிறந்த உதாரணம் சிலுவையண்டையிலே உண்டு. இயேசுவோடு அறையுண்ட கள்வன், அவரை என்றும் நினைத்திருப்பதாக வாக்குக் கொடுக்கவில்லை. கொடுப்பதற்கு அவனுக்குக் காலமும் இல்லை. தன்னை நினைத்தருளும்படி மட்டுமே வேண்டினான். அவ்வேண்டுகோள் அந்த நாளிலேயே ஏற்றுக்கொள்ளப்பட்டது. நினைவின் பாரம் முழுவதும் நோயாளியின் தோள்மேல் இல்லை என்பதே இதன் கருத்து.

அப்பாரத்தில் ஒரு பங்கு சபையின் தோள்மேலும் உளது. முடக்குவாதக்காரன் ஒருவனை நான்கு பேர் சுமந்துவந்து, வீட்டுக் கூரையைப் பிரித்து, இயேசுவின் முன்னே இறக்கிய வரலாற்றை விசுவாசிகள் அறிவர். இயேசு நோக்கியது சுமந்து வந்தவர்களின் விசுவாசத்தை என்று சுவிசேஷம் கூறுகிறது. தனக்காக ஜெபிக்க இயலாதவருக்குப் பதிலாக மற்றவர் ஜெபிப்பதும், தன் விசுவாசத்தைச் சொல்ல இயலாதவரின் அருகிலிருந்து விசுவாசப் பிரமாணத்தைச் சொல்லுவதும் அத்தகைய சுமத்தலேயாகும். கிறிஸ்டின் பிரைடனும் தமது விசுவாசக் கூட்டத்தாரிடம் எதிர்பார்த்தது இதுவே.

இதனைச் செய்யும் முறைகள் எளியவை. ஆராதனை குறுகியதாக இருத்தல் நன்று. புதிய பாட்டுக்களை விடுத்து, நோயாளி இளமையிற் பாடியவற்றையே பாடவேண்டும். பேச்சைக் காட்டிலும் கண்ணாற் காண்பனவும் கையால் தொடுவனவும் எளிதில் உள்ளத்தை எட்டும். சிலுவை, மெழுகுதிரியின் ஒளி, அப்பம், தலைமேல் வைக்கும் கை ஆகியன பேசாமற் பேசும். விழுங்குவதில் இடர்ப்படுவோர்க்கு, பராமரிப்போரைக் கேட்டறிந்த பின்னரே நற்கருணை கொடுத்தல் வேண்டும். நோயாளி தவறாகச் சொன்னதைத் திருத்தி வாதாடுவதால் பயனில்லை. நினைவிருக்கிறதா என்று சோதிக்கும் கேள்விகளும் அவரை நாணச் செய்யும். வருபவர் தம் பெயரைத் தாமே சொல்லி, அருகில் அமர்ந்து, கையைப் பற்றிக்கொள்வதே போதும்.

மொழியைப்பற்றியும் ஒரு சொல் கூறவேண்டும். பிற்காலத்திற் கற்ற மொழி முதலில் நழுவுவதும், குழந்தைப் பருவத்து மொழி எஞ்சுவதும் மறதி நோயாளர் பலரிடத்துக் காணப்படும் இயல்பு. இலங்கையிலிருந்து கனடாவுக்கும் இங்கிலாந்துக்கும் சென்று முதுமையெய்திய தமிழ்க் கிறிஸ்தவருக்கு இது பொருந்தும். ஆங்கிலத்தில் நடைபெறும் ஆராதனையிலே அசையாத முகம், தமிழ்க் கீர்த்தனையின் ஒலி கேட்டு மலரக்கூடும். தமிழிலும் எந்த மொழிபெயர்ப்பு என்பதைக் கவனித்தல் வேண்டும். 1871இல் வெளிவந்த பவரின் மொழிபெயர்ப்பு வழிவந்த பழைய வேதாகமத்தை மனப்பாடம் செய்தவருக்கு, புதிய மொழிபெயர்ப்பின் சொற்கள் தெளிவாயிருந்தாலும் அந்நியமாகவே ஒலிக்கும். இளையோர்க்குக் கடினமாகத் தோன்றும் அப்பழந்தமிழே முதியோர்க்குத் தாய்வீட்டுக்குச் செல்லும் வழி.

பிராங்க்பேர்ட் வைத்தியசாலையின் பெண்மணி தம்மை இழந்துவிட்டதாகச் சொன்னார். அவர் சொன்ன சொல்லை ஒருவர் கேட்டு, எழுதி, பாதுகாத்தமையால், நூறாண்டுகளுக்குப் பின்னரும் அவர் மறக்கப்படவில்லை. மனிதரின் ஏட்டிலே எழுதப்பட்ட ஒரு சொல்லே இத்தனை காலம் நிலைக்குமாயின், தம் பிள்ளைகளைக் கடவுள் மறவார் என்னும் விசுவாசம் எத்துணை உறுதியுடையது! இனி, தாய் தன் ஜெபத்தை மறந்த வீட்டிலே, மாலை வேளையில் மகளோ பேரனோ அவளருகே அமர்ந்து அந்த ஜெபத்தைச் சொல்லட்டும். அவள் உதடு அசைந்தாலும் அசையாவிட்டாலும், அந்த ஜெபம் அவளுடையதே.